ஆடி மாதத்துச் செவ்வாய் மாநாடு

இந்த நாட்டிலிருந்து முதன்முதலில் விண்வெளிக்கு அனுப்பப் பரிபூரணத் தகுதி பெற்றிருந்த மனிதர் திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் குமாஸ்தாவாக இருந்தார். உடல் வலிமை, கணித மூளை என்று எதையாவது கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவரை மேலே அனுப்பிவிட்டு இறக்க மறந்துபோனாலும் ஊரில் ஒருவரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தத் தகுதிதான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் ஒளியாண்டு. எதையும் ஒளியாண்டில்தான் அளப்பார். டீ வரத் தாமதமானால், "ரெண்டு ஒளியாண்டா உக்காந்திருக்கோம், இன்னும் பாலே கொதிக்கலையாப்பா?" என்பார். ஒளியாண்டு என்பது தூரத்தின் அளவு, நேரத்தினுடையது அல்ல என்பது எனக்கே பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

நான் அப்போது தாலுகா ஆபீசில் தற்காலிக குமாஸ்தா. என்னிடம் நிரந்தரமாக இருந்தது சோம்பல் மட்டும். ஒரே லாட்ஜில், ஒரே அறையில் நாங்கள் இருவரும் இருந்தோம். வேறு யாரும் அவரோடு தங்க முன்வரவில்லை. தோல் வாடையைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், பேச்சைத்தான் முடியாது என்பது பொதுக் கருத்து. மதுரையில் நடைபாதைக் கடைகளிலிருந்து அட்டை போன இங்கிலீஷ் பத்திரிகைகளை மூட்டையாக வாங்கி வருவார். ராக்கெட், பறக்கும் தட்டு, ஆறு கை மனிதர்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். அவருடைய இங்கிலீஷுக்குக் கதை பாதிவரை பிடிபடும். மீதியை அவரே முடித்துவிடுவார். அந்த மீதி பத்திரிகைக்காரன் எழுதியதைவிட நன்றாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. முடிவெட்டுகிறவரிடம் செவ்வாய் கிரகத்துக் கால்வாய்களைப் பற்றி ஆரம்பித்து, அவர் பாதித் தலையோடு இவரை விட்டுவிட்டு வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனதுண்டு. மலைக்கோட்டைதான் ராக்கெட் விடத் தோதான இடம், ஏற்கெனவே கொஞ்ச தூரம் மேலே போயாகிவிட்டது என்று ஒரு போலீஸ்காரரிடம் விளக்கப் போய், ஸ்டேஷனில் ஒரு முழுப் பகல் உட்கார்ந்திருந்தார். நல்ல நாள் அது என்று பிற்பாடு சொன்னார். அங்கே இருந்த இரண்டு பேரால் எழுந்து போக முடியவில்லையாம்.

இப்படி இருந்தவர் கையில் ஒருநாள் ஒரு பத்திரிகைத் துணுக்கு அகப்பட்டது. அயல் நாடுகளில் இம்மாதிரிக் கதைகளின் ரசிகர்கள் ஒன்றாகக் கூடுகிறார்கள், வேஷம் கட்டிக்கொண்டு வருகிறார்கள், நாள் முழுக்க இதையே பேசுகிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. அதைப் படித்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"நாம ஒண்ணு நடத்திப்புடுவோம்யா" என்றார்.

"யாரு வருவா?"

"அம்புட்டுப் பேரு வேணாம். நான் சொல்றதக் கேட்டுட்டு ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும். எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லய்யா. எப்ப முடிப்பீகன்னுதான் கேக்குறாக."

இதைச் சொல்லும்போது அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். வெளியே போக வேறு வழியில்லாததால் நான் மாநாட்டுச் செயலாளர் ஆனேன்.

ஆடி மாதம். கல்யாண மண்டபங்கள் சும்மா கிடந்தன. அவருடைய முதலாளி ராவுத்தர் ஒரு வார்த்தை சொன்னதும் ஒரு மண்டபம் கிடைத்தது. தலைமை தாங்கவும் ராவுத்தரே சம்மதித்தார். என்ன மாநாடு என்று அவர் கேட்கவில்லை. இவர் விளக்க ஆரம்பித்துவிடுவார் என்ற பயம்.

வினை நோட்டீஸில் வந்தது. 'விஞ்ஞான விந்தைக் கதை ரசிகர்களின் செவ்வாய் கிரக மாநாடு' என்று தொடங்கி, விஞ்ஞானம், மெய்ஞ்ஞானம், அஞ்ஞானம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். அச்சாபீஸ்காரர் வருஷம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை மட்டும் அடித்துப் பழகியவர். அவரிடம் 'ஞ' எழுத்து மிகவும் தட்டுப்பாடு. கல்யாணத்தில் ஞானத்துக்கு என்ன வேலை? ஆகவே ஞ வந்த இடத்தையெல்லாம் வாக்கியத்தோடு கழற்றிவிட்டார். மிச்சமிருந்த ஒரு ஞவை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டார். "செவ்வாய் மாநாட்ட ஞாயித்துக்கிழமை வைக்கிறீகளே" என்று மட்டும் வருத்தப்பட்டாராம். வழக்கம் மாறாமல் மேலே பிள்ளையார் சுழி, பக்கவாட்டில் வாழைமரம், கீழே ஒரு ஜோடி நாதஸ்வரம். நோட்டீஸ் இப்படி வந்து சேர்ந்தது:

'செவ்வாய் மாநாடு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. செவ்வாயைக் கண்டு இனி அச்சம் வேண்டாம். செவ்வாய் உள்ளவர்கள், செவ்வாயில் நாட்டமுள்ளவர்கள், ஆண் பெண் இருபாலரும் குடும்பத்துடன் வருக.'

நாங்கள் இருவருமே அதைப் படித்துப் பார்த்தோம். சுருக்கமாக, அழகாக இருப்பதாகத் தோன்றியது. நிலக்கோட்டை போகும் பூ வண்டிகளில் கொடுத்தனுப்பினோம். அகரம், சேவுகம்பட்டி, ஒட்டன்சத்திரம் பஸ்களிலும் ஒட்டினோம்.

அன்று காலை ஒளியாண்டு விண்வெளி உடையில் வந்து இறங்கினார். மண்டியில் கழித்துப்போட்ட ஆட்டுத்தோல் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. தலையில் முகத்துக்கு ஓட்டை வெட்டிய அலுமினியச் சட்டி. வழி நெடுக அந்த உடையின் வாசனைக்குச் சேர்ந்துவந்த தெருநாய்கள் மண்டபத்துக்குள் வந்து முன்வரிசையில் அமர்ந்தன. விரட்டப் போன என்னைத் தடுத்துவிட்டார்.

"உக்காரட்டும்யா. விண்வெளிக்குப் போன அனுபவம் அதுகளுக்குத்தான் இருக்கு."

கூட்டமே வராது, நாய்களோடு முடிந்துவிடும் என்று நான் சோம்பலாக நம்பிக்கொண்டிருந்தேன். பத்து மணி பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள் பாருங்கள். வேட்டி, பட்டுப்புடவை, மஞ்சள் பை. தாய், தகப்பன், மாமன், தலைகுனிந்த பெண், எண்ணெய் வழியும் பையன் என்று குடும்பம் குடும்பமாக. ஆடிக் காற்றில் எங்கள் துணி பேனர் கிழிந்து பறந்ததைக்கூட யாரும் பொருட்படுத்தவில்லை. ஒளியாண்டு சட்டிக்குள் அழுதுகொண்டிருந்தார். "இம்புட்டுப் பேரு இருந்திருக்காகய்யா. எனக்குத் தெரியாமப் போச்சே."

ஒரு பெரியவர் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய், "தம்பி, ஏழுலயா, எட்டுலயா?" என்றார்.

"பத்தரைக்குங்க" என்றேன்.

ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் நேராகவே கேட்டார். "ஏனுங்க, இங்க செவ்வாய் யாருக்குங்க?"

நான் பெருமையோடு மேடையைக் காட்டினேன். "அவருக்குத்தாங்க. ரொம்ப நாளா."

மண்டபம் முழுவதும் ஒளியாண்டைத் திரும்பிப் பார்த்தது. வயது முப்பத்தைந்து, உத்தியோகம் உண்டு, உடைதான் கொஞ்சம் ஒருமாதிரி என்று மனக்கணக்குப் போடுவது தெரிந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தாலுகா ஆபீஸ் என்னை ஏன் நிரந்தரம் செய்யவில்லை என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

சொற்பொழிவு தொடங்கியது. செவ்வாய் நமக்கு எதிரி இல்லை என்றார். கைதட்டல். செவ்வாயை நெருங்க வழி பிறந்துவிட்டது என்றார். ஒரு தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது என்றார். "இங்க மட்டும் வாழுதாக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். போனவர்கள் திரும்பி வருவது கஷ்டம் என்றபோதுதான் சலசலப்பு. சேவுகம்பட்டிக்காரர் ஒருவர் எழுந்தார்.

"எல்லாம் சரி அப்பு. ஜாதகத்த எப்ப வாங்குவீக? பொழுது போகுதுல்ல."

ஒளியாண்டு சட்டியைக் கழற்றினார். மஞ்சள் பைகளைப் பார்த்தார். வந்தவர்கள் அத்தனை பேரும் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள். செவ்வாய்க்குச் செவ்வாய்தான் சேரும் என்பதால் ஜோடி கிடைக்காமல் வருஷக்கணக்காக அலைந்துகொண்டிருந்தவர்கள். நோட்டீஸையும் நாதஸ்வரத்தையும் பார்த்து, யாரோ புண்ணியவான் எல்லாரையும் ஒரே இடத்தில் கூட்டுகிறான் என்று புறப்பட்டு வந்திருந்தார்கள். நான் மேடையேறி இது கிரகத்தைப் பற்றியது என்றேன். நாங்களும் கிரகத்துக்குத்தானே வந்தோம் என்றார்கள். இது வானத்தில் இருக்கும் கிரகம் என்றேன். எங்களுடையது மட்டும் வாய்க்காலிலா இருக்கிறது என்று ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டினார்.

ராவுத்தர் எழுந்தார். தலைமையுரையே அவ்வளவுதான்: "வந்தது வந்துட்டீக. பொண்ணு வீடும் இருக்கு, மாப்பிள்ள வீடும் இருக்கு. மண்டபம் எதுக்கு இருக்கு? பேசி முடிங்கப்பா."

அதற்குப் பிறகு மாநாடு பிரமாதமாக நடந்தது. ஜாதகங்கள் கைமாறின. கட்டங்கள் ஒப்பிடப்பட்டன. செவ்வாயைப் பற்றி அத்தனை பேர் அவ்வளவு ஆர்வத்தோடு ஒரே நேரத்தில் பேசியது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. அதைக் கூட்டியவரை மட்டும் யாரும் சீந்தவில்லை. மேடையின் ஓரத்தில், நாய்களுக்கு நடுவே, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான் தூணை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அப்போது நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டக்காரர் ஒருவரின் மகள் மேடைப்பக்கம் வந்தாள். இருபத்தைந்து இருக்கும். தகப்பன் யாரிடமோ கட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நாயைத் தாண்டி நின்று கேட்டாள்.

"ஏங்க, செவ்வாயில சனங்க இருந்தா, அவுகளுக்குப் பூமி தோஷம் இருக்குமா?"

ஒளியாண்டு வாயைத் திறந்தார். கேட்டுப் பழகியிராத சத்தம் ஒன்றைக் கேட்டவர் போல என்னைப் பார்த்தார். நானும் தலையை ஆட்டினேன், கேள்விதான் என்று.

"இருக்கும்" என்றார் மெல்ல. "இருக்கத்தான் செய்யும். அவுக வானத்துல நாமதான பொல்லாத கிரகம்."

"அப்ப அங்கயும் ஒருத்திய வந்து பாத்துப் பாத்துட்டுப் போவாக" என்றாள் அவள். கொஞ்சம் யோசித்து, "அங்கேருந்து பாத்தா நாம எப்படித் தெரிவோம்?" என்றாள்.

அவ்வளவுதான். அடுத்து அவர் பேசியதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் இடையில் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்பதுதான் செய்தி. தகப்பனார் இதைக் கவனித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பையனுக்கு நெசமாவே செவ்வாய் உண்டா?"

"அவருக்கு வேற ஒண்ணுமே கிடையாதுண்ணே" என்றேன்.

அவர் நேரே போய் ஒளியாண்டையே கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனிதர் வெட்கத்தால் கூனிப்போனார். என் அனுபவத்தில் அவர் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

"இல்லீங்க. எனக்குச் சுத்த ஜாதகம். செவ்வாயே கிடையாது."

"அப்ப ஆகாதே அப்பு. இவளுக்கு எட்டுல இருக்கு. கட்டுறவன் உசுருக்கு ஆகாதும்பாக."

ஒளியாண்டு தோல் உடை சரசரக்க எழுந்து நின்றார். "நான் செவ்வாய்க்குப் போறதுக்கே உசுரக் குடுக்க ரெடியா இருக்கேங்க. அது இங்க வருதுன்னா வேணாம்னு சொல்லுவனா?"

தகப்பனார் மகளைப் பார்த்தார். "ஜாதகத்துல இல்லாட்டி என்னப்பா" என்றாள் அவள், "வாய் பூராவும் அதான இருக்கு."

அவர் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. விசாரிக்க வேண்டியதையெல்லாம் விசாரித்து, மூன்று ஜோசியர்களை மாற்றி, பரிகாரம் சொன்ன நாலாமவரைப் பிடித்துக்கொண்டார். தையில் கல்யாணம். ஒளியாண்டு அறையைக் காலி செய்துவிட்டு நிலக்கோட்டைக்கே பஸ் ஏறினார். செவ்வாய் அவரை ஒன்றும் செய்யவில்லை. மல்லிகைத் தோட்டத்தில் பறிக்க வருகிறவர்களிடம் வால் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசி வேலையைக் கெடுக்கிறார் என்று மாமனார் குறைப்பட்டுக்கொண்டதாகக் கேள்வி. மகளும் சேர்ந்து உட்கார்ந்துவிடுகிறாளாம்.

அதற்குப் பிறகு அந்த லாட்ஜ் அறையில் எனக்கு வாய்த்தவர்கள் எல்லாரும் பூமியைச் சேர்ந்தவர்கள். நல்ல மனிதர்கள். ஆனால் அவர்களில் யாரையும் வழியனுப்ப நான் பஸ் ஸ்டாண்டு வரை நடந்ததில்லை. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்ததில்லை.