முதல் வரியில் பிள்ளையாருக்கு இடமில்லை

உ
சிவமயம்

இரணைமடு,
வெள்ளிக்கிழமை, பின்னேரம் 3.20

அன்பு மகள் யதுர்ஷிகாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இரண்டு மாடுகளும் சுகம். கம்பசில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். பிள்ளை, இன்று நான் கண்டதை இந்த அறுபத்திரண்டு வயதில் கண்டதில்லை!

எங்கள் எட்டாம் வாய்க்கால் மதகு உடைந்து கிடப்பது உனக்குத் தெரியும். இன்று நாலு மணிக்குள் அதைத் திருத்தக் கேட்கிற விண்ணப்பம் மின்னஞ்சலில் போகாவிட்டால் சிறுபோக நெல்லுக்குக் கடைசிக் காணிகளில் தண்ணீர் இல்லை. முப்பத்திரண்டு குடும்பம். கமக்காரர் அமைப்பின் செயலாளர் என்று எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் நீர்ப்பாசனக் கந்தோரின் புதுப் பொறியியலாளர் சிவரூபி வாங்கமாட்டா. போன கூட்டத்தில் அவா ஒருக்கால்கூடச் சிரிக்கவில்லை, முகம் பூட்டின கடை மாதிரி.

கணினியில் விண்ணப்ப அறிவித்தலைத் திறந்து, அதில் இருந்த அவாவின் மின்னஞ்சல் முகவரியை மவுசால் அமத்தினேன். நீ போட்டுத் தந்த லினக்ஸ் நான் கண்டறியாத ஒரு மெயில் பெட்டியைத் திறந்து, உள்வரும் சேர்வர் எது, வெளிச்செல்லும் சேர்வர் எது என்று கேட்டது. எனக்குத் தெரிந்தது உள்வரும் வாய்க்காலும் வெளிச்செல்லும் வாய்க்காலும்தான். என்ர கடிதமெல்லாம் பிரவுசருக்குள் இருக்கிற வெப்மெயிலில் அல்லவோ கிடக்குது! பிறகு நீ போனில் சொன்னபடி இரண்டு இடத்தில் சொல்லி வைத்தேன்: செற்றிங்சில், மெயில் என்றால் பிரவுசரிடம் போ என்று, பிரவுசரில், மெயில் என்றால் என்ர வெப்மெயிலிடம் போ என்று. திரும்ப அமத்தினேன். ஐயோ பிள்ளை! வெப்மெயில் தானாகத் திறந்து, முதல் வரியில் அவாவின் முகவரியையும் எழுதிப்போட்டு, என்னைப் பார்த்துக்கொண்டு நிற்குது! நான் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் முகவரிக்கு மேலே பிள்ளையார் சுழி போட இடமில்லை. சுழி போடாமல் நான் எந்தக் கடிதம் எழுதினேன்? முகவரிக்கு முன்னால் ஒரு ‘உ’ போட்டு அனுப்பினேன். அப்படி ஒரு முகவரியே இல்லையென்று ஒரு நிமிசத்தில் திரும்பி வந்துவிட்டது. ஒரு நிமிசம்! தபாலென்றால் மூன்று கிழமை செல்லும்.

“பிள்ளையாரைக் கீழை இறக்குங்கோவன், அவர் ஒண்டும் கோவிக்கமாட்டார்” என்றா அம்மா. கீழே கடிதம் எழுதுகிற பெட்டிக்குள் ‘உ’ போட்டு அனுப்பினேன், போய்விட்டது. அடித்து வைத்த விண்ணப்பம் திரையில் பக்கத்திலேயே கிடக்குது. முகவரியைத் தானாக எழுதின மெசினுக்கு அதையும் எடுத்துச் சேர்த்து அனுப்பத் தெரியாமலா போகும்? உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தையும் அறிவித்தலில் அதே இடத்தை அமத்தித்தான் திறந்தேன். முதல் வரியை நான் பார்க்கவுமில்லை, அது மெசினின் பொறுப்பு.

முறிகண்டிப் பிள்ளையார் என்றும் உன் பக்கம் இருப்பார்.

அன்புள்ள அப்பா,
கனகலிங்கம்

பி.கு: மணி நாலேகால். மெசினை மேலே புகழ்ந்து புளுகினதெல்லாவற்றையும் வெட்டிவிடு. இதை உனக்குத் திரும்ப அனுப்புகிறேன். உன் முகவரியை இந்த முறை நானே ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். சிவரூபி போன் எடுத்தா. “ஐயா, முதல் வந்ததிலை ஒரு ‘உ’ மட்டும்தான் கிடந்தது, விண்ணப்பத்தைக் காணேல்லை. பிறகு உங்கட மகளுக்கு எழுதினது எனக்கு வந்திருக்கு” என்றா. முப்பத்திரண்டு குடும்பமும் என் கண்ணுக்குள் வந்து நின்றது பிள்ளை. “அதிலை வாய்க்கால், மதகு, குடும்பத் தொகை எல்லாம் இருக்கு. நாலு மணிக்கு முன்னம் வந்தபடியால் அதையே விண்ணப்பமாப் பதிஞ்சிட்டன். செவ்வாய்க்கிழமை மதகு பாக்க வாறன்.” போனை வைக்க முன்னம் இன்னொன்றும் சொன்னா: “ஐயா, அந்தப் பூட்டின கடை... வாசிச்சுப்போட்டு நான் சிரிச்சனான். அதையும் மகளுக்கு எழுதிவிடுங்கோ.”

எழுதிவிட்டேன்.