அரக்கன் மலைக்குக் குறுக்கு வழி

மாத்தளை மாவட்டத்தில் கோபத்துக்குத் தட்டுப்பாடு வந்திருந்தால், எங்கள் கணக்கு மாஸ்டர் ஒருவரே வீடு வீடாக விநியோகித்திருப்பார். பஸ் பிந்தினால் கோபம். நேரத்துக்கு வந்தால், ஓடிவர வைத்துவிட்டதாம், அதைவிடக் கோபம். இரத்தோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்வரும் பாக்கியம் இளைய வாத்தியாரான எனக்கு வாய்த்திருந்தது. என் காதைக் காப்பாற்றிக்கொள்ளவே ஒரு தடித்த ஆங்கில நாவலை அவரிடம் நீட்டினேன். பேசும் கழுகு, மலைக்கடியில் தூங்கும் அரக்கன், அவனைக் கொல்லப் புறப்படும் ஆட்டிடையன் என்று பழைய மாயக்கதை. மாஸ்டர் ஆயுளில் கையில் எடுத்த முதல் நாவல்.

அவர் அதைப் படிக்கவில்லை, திருத்தினார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனை வெளியே வந்தது.

"மூணு நாளா மலை ஏறுறான், ஒரு வாய் சோறு திங்கல. எழுதினவன் மலையைக் கண்டிருக்கானா?" என்று என்னைத்தான் அதட்டினார்.

கழுகு பேசியதில் அவருக்கு ஆட்சேபமில்லை. அது தூரத்தைப் பிழையாகச் சொன்னதில்தான் ஆத்திரம். முன்பக்கத்து வரைபடத்தில் அளவுத்திட்டமே தப்பு என்று கண்டுபிடித்ததும், கட்டம்போட்ட தாளில் முழு நாட்டையும் புதிதாக வரைந்தார். மலை, பாலம், காவல் கோபுரம், படை இறங்கவேண்டிய கணவாய், அரக்கன் குகைக்குக் குறுக்கு வழி. எல்லாவற்றுக்கும் சிவப்பு அம்புக்குறி, தமிழில் விளக்கம்.

அந்த யுத்த காலத்தில் ஒரு தமிழன் பையில் இருக்கவே கூடாத தாள் அதுதான். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு பின்னேரம் இராணுவச் செக் பொயின்டில் பஸ்ஸை மறித்தார்கள். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் சிலர் ஏறிக்கொள்ளலாம். எங்களைப் போன்றவர்கள் பையைக் கவிழ்த்துக் காட்டவேண்டும். நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு வீடு போகிற மனிதனைப் பெயருக்காக வெயிலில் நிறுத்திய அந்த வரிசையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று பற்றவில்லை. அன்று கேட்பதற்கு முன்பே பையைக் கவிழ்த்துக் காட்டினேன்.

ஆமிக்காரர் தாளை விரித்தார். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். இது எந்த மலை என்று சிங்களத்தில் கேட்டார். மாஸ்டர் நல்ல சிங்களத்தில், அரக்கன் மலை, வரைந்தது நான்தான் என்று உண்மையைச் சொன்னார். துப்பாக்கி சற்று நிமிர்ந்தது.

என் வாய் திறந்துகொண்டது. பிறகு மூடவில்லை. இது வெறும் கதை என்று தொடங்கி, நாவலின் வரைபடத்தைப் பிரித்துக் காட்டி, முழுக் கதையையும் என் ஓட்டைச் சிங்களத்தில் ஒப்பித்தேன். கழுகுக்குச் சொல் வரவில்லை, சிறகடித்துக் காட்டினேன். பஸ் முழுக்கப் பார்த்தது. கடைசியில் என்ன ஆனது என்று ஆமிக்காரர் கேட்டார். அரக்கன் செத்தான், இடையன் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தான் என்றேன். இரண்டு வரைபடங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போகச் சொன்னார்.

பஸ்ஸில் மாஸ்டரின் முகம் பழுத்த மிளகாய். அவமானத்தில் புழுங்குகிறார் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன்.

"இன்னும் நூறு பக்கம் இருக்குடா. முடிவைச் சொல்லிட்டியே, பாவி."

"மாஸ்டர், நம்மள புடிச்சுக்கிட்டுப் போயிருப்பாங்க."

"போகட்டுமே. உள்ள இருந்து படிச்சிருப்பேன்."

அதற்குப் பிறகு பஸ்ஸில் வேறு இருக்கை தேடிக்கொண்டார். சில வாரம் கழித்து நாவல் என் மடியில் வந்து விழுந்தது. நான் அதை உடனே திறக்கவில்லை. ஏனென்றால் நான் சொன்னது பொய். உண்மையில் இடையன் அந்தக் குகைக்குள்ளேயே செத்துப்போகிறான். துப்பாக்கிக்கு முன்னால் நின்றுகொண்டு ஒருவன் செத்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். மாஸ்டர் என்னைத் தொலைத்துவிடுவார் என்ற பயத்தோடு கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

இடையன் சாகும் பந்தி முழுக்கச் சிவப்பில் வெட்டியிருந்தது. பக்கத்தில், பிழையான கணக்குக்குப் போடுவதுபோல ஒரு பெரிய புள்ளடி. கீழே, தாளே கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தார்: "பிழை. வீடு போய்ச் சேர்ந்தான்."

அந்தக் கதையை யார் கேட்டாலும் நான் இன்றுவரை மாஸ்டர் திருத்திய முடிவைத்தான் சொல்லிவருகிறேன்.