சம்பந்தி தோட்டத்தின் வழியே, செங்கோணமாக

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

வேலிக்கு இந்தப் பக்கத்து வீட்டிலிருந்து உங்கள் மருமகளின் தகப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் சுகம். அங்கு உங்கள் சுகத்தை நான் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. காலையில் நீங்கள் தோட்டத்தில் நின்று பல் துலக்கியதையும், என் ஜன்னல் திறந்த சத்தம் கேட்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன். முதுகு நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது. சம்பந்தியம்மாவின் இருமல் சத்தம் நின்றுவிட்டதால் அவர்களும் நலம் என்று தெரிந்துகொண்டேன். நேற்று நம் பிள்ளைகள் போன் பண்ணினார்கள். "அப்பா, மாமா எப்படி இருக்கார்?" என்று மகள் கேட்டாள். "பாக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கார்" என்றேன். பொய் சொல்லவில்லை.

எட்டிக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்குக் கடிதமா என்று நீங்கள் சிரிக்கலாம். இது என் ஆசையில்லை சம்பந்தி, சட்டம். சாலைக்கு வெளியே ஓடும் பொழுதுபோக்கு வாகனத்தை அடுத்தவர் நிலத்தில் ஓட்ட வேண்டுமானால் நிலத்துச் சொந்தக்காரரின் அனுமதி எழுத்தில் வேண்டுமாம், அதை ஓட்டுபவர் கையோடு வைத்திருக்க வேண்டுமாம். வாய் வார்த்தை செல்லாது. அதிலும் நம் இருவருக்கும் இடையில் இப்போது வாய் வார்த்தையே கிடையாது. ஆகவே விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன்: வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எதிரேயிருக்கும் காட்டுப் பாதையைத் திறந்து முதல் ஓட்டம் விடுகிறார்கள். நான் அதில் போயே ஆக வேண்டும். அதற்கு என் வண்டி வேலி இடைவெளி வழியாக உங்கள் தோட்டத்துக்குள் நுழைந்து, உங்கள் வாசல் கேட் வழியாக வெளியே வர நீங்கள் மனமிரங்கி அனுமதிக்க வேண்டும். ஏன் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

நான் யார்? ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்ட் மெக்கானிக். உங்களைப் போல் கையில் டேப்பும் கண்ணில் கருவியுமாக மலை, வயல், ஆற்றங்கரை என்று நிலமளந்து திரிந்தவன் இல்லை. உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் நான் மேலே போனேன், இல்லாவிட்டால் கீழே வந்தேன். குறுக்கே ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. ஓய்வு பெற்ற அன்றே முடிவு பண்ணினேன், இனிமேல் குறுக்கேதான் போவது என்று. அப்படி வந்ததுதான் இந்த வண்டி. நாலு பருத்த சக்கரத்தின் மேல் பைக் ஹேண்டில் வைத்த இதைக் கடைக்காரர் குவாட் பைக் என்றார். பதிவு அலுவலகத்தார் மேலே சொன்ன நீளப் பெயரைச் சொல்கிறார்கள். என் மனைவி "அது" என்கிறாள். கடைக்காரர், "ஒரு சீட்டு வண்டி போதுமே சார், உங்க வயசுக்கு" என்றார். "போதாது, எனக்கொரு சம்பந்தி இருக்கார்" என்று சொல்லி இரண்டு இருக்கை வண்டியாகக் கேட்டு வாங்கினேன். இதை உங்களிடம் சொல்ல நேரம் கிடைப்பதற்குள் உங்கள் தக்காளிப் பாத்தி போய்விட்டது.

அதிலும் என் தவறைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த வண்டியில் வேகம் காலில் இல்லை, கட்டைவிரலில் இருக்கிறது. கைப்பிடிக்குப் பக்கத்தில் பொத்தான் மாதிரி ஒரு நெம்புகோல். பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பும், போய்ச் சேர வேண்டிய இடத்தில் தானாகவே நிற்கும், இதுதான் என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அழுத்தினேன். கிளம்பியது. நிற்கும் நிற்கும் என்று நானும் மரியாதையாகக் காத்திருந்தேன். வேலி போயிற்று, தக்காளி போயிற்று, தண்ணீர்க் குழாய் போயிற்று. கடைசியில் வண்டி நின்றபோது நீங்கள் கையில் காபியோடு எதிரில் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் பழக்கதோஷத்தில், "எந்த மாடிக்குப் போகணும்?" என்று கேட்டுவிட்டேன். நகைச்சுவைக்காகக் கேட்கவில்லை சம்பந்தி, வாய் தானாகக் கேட்டுவிட்டது. அதற்கு நீங்கள், "உங்களுக்கு நேரா போகத் தெரியாது" என்றீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். பெண்ணைக் கொடுத்தவன் என்ற நினைப்பு இருந்திருக்க வேண்டும். "ஊர் நிலத்தையெல்லாம் அளந்தீங்களே, ஒரு வரப்பையாவது துணிஞ்சு தாண்டியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்குத் திரும்பிய முதுகு, இன்றுவரை திரும்பியபடியே இருக்கிறது.

அதன் பிறகு பட்ட பாட்டை யாரிடம் சொல்லி அழ? வண்டியைப் பதிவு பண்ணலாம் என்று தெருக்கோடி அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி நல்ல மனிதர்தான். "வண்டியை நேர்ல காட்டினாதான் பதிவு" என்றார். "கொண்டு வர்றேன் சார்." "பதிவு இல்லாத வண்டியை ரோட்டுல ஓட்டிட்டு வரக் கூடாது." "பதிவு ஆனப்புறம் ஓட்டலாமா?" "அப்பவும் கூடாது. அது ரோட்டு வண்டி இல்லையே." "அப்போ எப்படி சார் கொண்டு வர்றது?" "டிரெய்லர்ல ஏத்திட்டு வாங்க. டிரெய்லருக்குப் பதிவு இருக்கணும், அது முக்கியம்." எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு வந்து விதிப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். "ஓட்டக் கூடாது" என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறதே தவிர, "தள்ளக் கூடாது" என்று எங்குமே இல்லை! சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்த சந்தோஷத்தில் என் மனைவியை இருக்கையில் உட்கார்த்தி, ஹேண்டிலை நேராகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு போனேன். பால்காரர் மணியடித்து வழி கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டினார்கள். என் மனைவி அவர்களுக்குக் கையசைத்தாள், அதுவே எனக்கு அப்போது சரியாகப் படவில்லை.

அதிகாரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "யாரு ஓட்டிட்டு வந்தது?" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே, "யாரும் ஓட்டலைங்க, நான் தள்ளிட்டு வந்தேன்" என்றேன். "சீட்டுல உக்காந்து ஹேண்டிலைப் பிடிச்சது யாரு?" என்றார். வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல் என் மனைவி கையைத் தூக்கினாள். "அப்போ ஓட்டுநர் அவங்க. நீங்க எஞ்சின்" என்றார் அந்த மனிதர்! சுற்றி நின்ற கூட்டம் சிரித்த சிரிப்பு உங்கள் வீடுவரை கேட்டிருக்கும். போனால் போகிறதென்று அபராதம் போடவில்லை. ஆனால் அம்மா கண்டிப்பாக ஓட்டுநர் பாதுகாப்பு வகுப்புக்கு வர வேண்டும் என்று புதன்கிழமைகளில் போகச் சொல்லிவிட்டார். வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியவன் நான், தண்டனை மேலே உட்கார்ந்தவளுக்கு! முதல் வகுப்பு முடிந்து காலெல்லாம் சேறாக வந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் செருப்பை நானே கழுவி வைத்தேன். "என்னாலதான் உனக்கு இந்தக் கஷ்டம்" என்றேன். "பரவால்லைங்க, துணைக்கு ஒரு ஆள் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நானும் கொஞ்சம் கண் கலங்கினேன்.

வண்டியை மட்டும் விட்டார்களா? முன்விளக்கு எரிகிறதா, பின்விளக்கு எரிகிறதா, காட்டில் தீப்பிடிக்காமல் சைலன்ஸரில் பொறித் தடுப்பு வலை இருக்கிறதா, சத்தம் அளவுக்குள் இருக்கிறதா, வாங்கிய ரசீது எங்கே, காப்பீடு எங்கே, ஹெல்மெட் எங்கே என்று வரிசையாகக் கேட்டார்கள். சத்தத்தை அளக்கும் கருவியை அவர் வண்டிக்குப் பக்கத்தில் பிடித்திருந்தபோது நான், "சார், முள்ளு எங்க நிக்குது?" என்று கேட்க, முள் எகிறிவிட்டது. "வண்டி பாஸ். நீங்கதான் அளவுக்கு மேல இருக்கீங்க" என்றார். எப்படியோ பதிவாகிவிட்டது சம்பந்தி! நம்பர் பலகை கைக்கு வந்த அன்று நான் இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். துடைத்தேன், மாட்டினேன், தூரப் போய் நின்று பார்த்தேன், மறுபடியும் வந்து துடைத்தேன். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் இப்படித்தான் போய்ப் போய் எட்டிப் பார்த்தேன்.

அன்று மாலையே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் வாசலில் வண்டியை நிறுத்தினேன். விதி என்ன? சாலை நெடுக ஓட்டக் கூடாது. குறுக்கே கடக்கலாம், முழுதாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, செங்கோணமாக நேரே கடக்க வேண்டும். எனக்கென்ன, சாலையைத் தாண்டினால் காட்டுப் பாதை! ஆனால் நீங்கள் டேப்போடு வந்துவிட்டீர்கள். என்னிடம்தான் பேச மாட்டீர்களே, மின்கம்பத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்: "கம்பமே, காட்டுப் பாதை வாய் என் கேட்டுக்கு நேரா இருக்கு. இவங்க கேட்ல இருந்து போனா சாய்வாத்தான் போகணும். சாய்வாப் போனா ரோட்டுல நெடுக ஓட்டின கணக்கு." நான் உங்கள் தபால் பெட்டியைப் பார்த்து, "பெட்டியே, கொஞ்சம் சாய்வுதானே, என்ன பெரிய குற்றம்?" என்றேன். நீங்கள், "கம்பமே, கோணத்துல கொஞ்சம் நிறைய எல்லாம் கிடையாது" என்றீர்கள். விதிப் புத்தகம் உங்கள் பக்கம். வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை பார்த்தால், என் வண்டி உடைத்த வேலி இடைவெளியில் நீங்கள் முளையடித்து நூல் கட்டியிருக்கிறீர்கள். ஒரு நூல் போதாதென்று இரண்டு வரிசை! என்னை உள்ளே வராதே என்று சொல்ல இரண்டு நூல் வேண்டுமா? ஒரு பார்வை போதாதா?

என் கோபத்தை விடுங்கள், ஆசையைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்ட, பின் இருக்கையில் நீங்கள் உட்கார்ந்து, "சாயுது, நேராப் போங்க" என்று திட்டிக்கொண்டே வர வேண்டும். தக்காளியைத் திரும்ப நட்டுத் தருகிறேன், தண்ணீர்க் குழாயை நானே மாற்றித் தருகிறேன். வேலியை மட்டும் திரும்பக் கட்டச் சொல்லாதீர்கள். நீங்கள் பேசாத நாளிலிருந்து, நாம் ஆடும் சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் நானே ஆடுகிறேன். அதிலும் தோற்றுப்போகிறேன். நீங்கள் பேசாதது எனக்குப் பெரிய குறையாக இருக்கிறது சம்பந்தி, இதை மின்கம்பத்திடம் சொல்ல முடியாது.

அனுமதியை எழுத்தில் தந்தால், அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓட்டுவேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கும் உங்கள் மருமகளுக்கும் பெரியவர்கள் நம் நால்வரின் ஆசியும் குறைவில்லாமல் சேரட்டும். உங்கள் தோட்டம் பழையபடி காய்த்துக் குலுங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காக ஹெல்மெட்டைக் கழற்றாமல் காத்திருக்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடி எழுந்தபோது என் வண்டிக் கொட்டகையில் எஞ்சின் சத்தம் கேட்டது. மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்தால், முன்னால் என் மனைவி, பின்னால் சம்பந்தியம்மா! இருவர் தலையிலும் ஹெல்மெட். "என் வண்டி, எங்கே போறீங்க?" என்று கத்தினேன். "பதிவு ஆனது வண்டிக்குத்தாங்க. ஓட்டுற சான்றிதழ் எங்க ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குப் பேர் குடுத்தாச்சு, இது ஒத்திகை!" என்று கீழேயிருந்து பதில் வருகிறது. புதன்கிழமைத் துணை யாரென்று இப்போதுதான் விளங்கியது. துண்டுக்குள் குலுங்கியது அழுகையில்லை என்பதும் விளங்கியது. உங்கள் இரண்டு வரிசை நூலும் வேலி இடைவெளியிலிருந்து உங்கள் கேட் வரை, சரியாக வண்டி அகலத்துக்கு, வழிகாட்டிக்கொண்டு போவதை மாடியிலிருந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது. நூலுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போனார்கள். கேட்டில் முழுதாக நின்றார்கள், இரண்டு பக்கமும் பார்த்தார்கள், அங்கே கையில் கொடியோடு காத்திருந்த நீங்கள் அதைத் தூக்க, கொத்தனார் தூக்குக் குண்டு விட்ட மாதிரி நேராகக் கடந்து காட்டுக்குள் மறைந்துவிட்டார்கள். நமக்கு அடுத்த புதன்கிழமை வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இடம் போட்டிருக்கிறார்களாம், கிளம்பும்போதே என் மனைவி கத்திச் சொன்னாள். இப்போது நீங்கள் கொடியை இறக்கிவிட்டு என் ஜன்னலைப் பார்த்து நிற்கிறீர்கள். முதுகில்லை, முகம். இன்னொரு நாற்காலி எடுத்துப் போடுங்கள், சதுரங்கப் பலகையோடு அந்த நூல் வழியாகவே வருகிறேன். நடந்துதான். அதற்கும் எழுத்தில் அனுமதி வேண்டுமென்றால், கடிதத்தைக் கையிலேயே கொண்டு வருகிறேன், அடியில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.