அவரு எங்க தம்பி?

ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவனுக்கு, தனக்கென்று ஒரு சமயம் வரும்போது வாய் அடைத்துப்போகும். இதற்கு வேறு சாட்சி வேண்டாம், நானே போதும். என் மாமனாரை நான் ஒரு முறை வழியில் தொலைத்திருக்கிறேன். (அப்போது அவர் எனக்கு மாமனாரும் இல்லை, உயிரோடும் இல்லை.)

ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்குச் சில வருடங்கள் முன்னால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். சைட்கார் வைத்த மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர் செய்வது எங்கள் தொழில். சோடாக்காரர், ரொட்டிக்காரர் என்று பலரும் வருவார்கள். வருகிற ஒருவரையும் நான் சும்மா அனுப்பமாட்டேன்.

"பாரத்த அச்சுக்கு முன்னால ஏத்துங்கண்ணே. பின்னால ஏத்துனா மூக்கத் தூக்கும், வாலாட்டும். சைட்காரக் காலியா விடாதீங்க, ஆளு இல்லாட்டி மண்ணு மூட்டையாவது வைங்க. கொக்கி கழண்டாலும் வண்டிய விடாம புடிக்கத்தான் இந்தச் சங்கிலி. அப்புறம், அடிக்கடி திரும்பிப் பாருங்க."

இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் பாதிரியார் குரல் மாதிரி ஆகிவிடும் என்று முதலாளி சொல்வார். இருபத்துநான்கு வயதில் எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

ஆரோக்கியசாமி ரயில்வேயில் ஃபிட்டர். அவருடைய மகள் திரேசாவை எனக்குப் பிடித்திருந்தது. மாதா கோயில் வாசலில் என்னைப் பார்த்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை; அந்தக் காலத்தில் அதுவே பெரிய சம்மதம். அவருக்கு மட்டும் என்னைக் கண்டால் ஆகாது. "அந்தப் பயலுக்கு வாயிலதான் மூணு சக்கரமும் ஓடுது" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். பெண் கேட்டுப் போக நான் தைரியத்தைத் திரட்டிக்கொண்டிருக்கும்போதே மனுஷர் மூன்று நாள் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டார்.

அவர்கள் முன்பு கிள்ளானில் குடியிருந்தபோது, திரேசாவின் அண்ணன் ஐந்து வயதில் இறந்துபோய் அங்கேயே அடக்கமாகியிருந்தான். அவன் பக்கத்தில்தான் தன்னை வைக்க வேண்டும் என்று காய்ச்சல் பிதற்றலிலும் சொல்லிக்கொண்டிருந்தாராம். கிள்ளான் சாமியார் சாயங்காலம் ஐந்து மணி வரை கல்லறையில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவருக்கு ஏதோ தோட்டத்தில் பூசை.

பெட்டி ஏற்ற வர வேண்டிய லோரி அன்றைக்கென்று அச்சு முறிந்து நின்றது. பெட்டியை ஏற்றிக்கொள்ளும் பகல் ரயிலும் போய்விட்டது. வீட்டு வாசலில் எல்லோரும் கைபிசைந்து நின்றபோது, கேட்காத காதுக்கும் கேட்கிற மாதிரி நான் சொன்னேன், "பட்டறை வண்டியில நான் கொண்டுபோறேன்."

ஞானம்மா, அவருடைய மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி சவரி, பத்திரமா கொண்டாந்து சேர்த்துருப்பா. புள்ள பக்கத்துல அவரு படுக்கணும்." மற்றவர்கள் அடுத்த ரயிலுக்குக் கிளம்பினார்கள். துணைக்கு என்னோடு வந்தவர் மாதா கோயில் உபதேசியார். நல்ல கனத்த சரீரம். சைட்காருக்கு இதைவிட நல்ல மூட்டை கிடைக்காது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். (இழவு வீட்டில் சந்தோஷப்பட்டதற்குத் தண்டனை பின்னால் வருகிறது.)

பெட்டியை ஏற்றும்போது தலைமாட்டை முன்னால் வைக்கச் சொன்னேன். பாரம் அங்கேதானே?

"டேய், கால் முன்னால போறதுதான் முறை!" என்றார் உபதேசியார். "தலை முன்னால போனா, செத்தவரு வீட்டப் பாத்துத் திரும்பி வர்ற மாதிரி ஆயிரும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திரேசாவும் பார்த்தாள். ஊர் உலகத்துக்கெல்லாம் நான் ஓதிய வேதம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. கால் முன்னால் வைத்தார்கள். கயிறு போதாமல் பெட்டி ஆடியது. உடனே கொக்கியிலிருந்த சங்கிலியைக் கழற்றி அதனால் பெட்டியைக் கட்டினேன். சமயோசிதம் என்று அப்போது நினைத்தேன்.

"இன்னொண்ணு. நாம வேதக்காரங்கதான், இருந்தாலும் பெரியவங்க சும்மா சொல்லல. பெட்டியோட போறவன் திரும்பிப் பாக்கக் கூடாது" என்றார் உபதேசியார்.

"சரிங்கய்யா" என்றேன். ஏன் சரி என்றேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பெட்டாலிங் தாண்டும்போதே டிரெய்லர் வாலாட்டத் தொடங்கிவிட்டது. சைட்காரில் பிரார்த்தனை பாடிக்கொண்டு வந்தவர் பாட்டை நிறுத்தி, "டேய், அவரு ஆடுறாருடா! நிறுத்து, நான் பின்னால உக்காந்து புடிச்சுக்கிறேன்" என்றார். மரியாதைக்குத் தலைமாட்டுப் பக்கம்தான் உட்காருவேன் என்று டிரெய்லரின் கடைக்கோடியில் ஏறி அமர்ந்தார். ஆக, சைட்கார் காலி. பாரம் முழுக்க வாலில். சங்கிலி பெட்டியில். ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்கமாட்டான். நான் செய்யாதே என்று சொன்ன நாலையும் நானே செய்து முடித்திருந்தேன்.

பத்து தீகா என்ற ஊரைத் தாண்டி ஒரு மேடு. எஞ்சின் முக்கி முனகியது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் சட்டென்று வண்டி இலேசாகி, குதிரை மாதிரி பாய்ந்தது. அடடா, பெட்ரோலில் இருந்த அழுக்கு எரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். பின்னால் ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. உபதேசியார் மறுபடி பாட ஆரம்பித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு அவ்வளவு சுகமாக நான் எந்த நாளும் வண்டி ஓட்டியதில்லை.

நாலரை மணிக்குக் கிள்ளான் கல்லறை வாசலில் போய் நின்றேன். வானம் கறுத்திருந்தது. கறுப்பு அங்கியில் சாமியார், ரயிலில் வந்து சேர்ந்த உறவுக்காரர்கள், நடுவில் ஞானம்மா. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு இறங்கினேன்.

ஞானம்மா எனக்குப் பின்னால் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவரு எங்க தம்பி?"

அப்போதுதான் அன்றைக்கு முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தேன். வெறும் கொக்கி. அதற்குப் பின்னால் வெறும் ரோடு. பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். குழி தயாராக இருந்தது, அதில் படுக்கத் தகுதியான ஆள் நானாகத்தான் தெரிந்தேன்.

திரேசா மட்டும் வந்து, யாரையும் கேட்காமல், சைட்காரில் ஏறி உட்கார்ந்தாள். "போங்க" என்றாள்.

மழை பிடித்துக்கொண்டது. மேட்டின் அடிவாரத்தில், ரப்பர் மரங்களை ஒட்டிய கால்வாயில் டிரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பெட்டி திறக்கவில்லை, என் சங்கிலி அதை விடவில்லை. உபதேசியார் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு தன் குடையைப் பெட்டிக்குப் பிடித்திருந்தார். தான் தொப்பலாக நனைந்து, இறந்தவர்களுக்கான செபத்தைத் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆரோக்கியசாமி என்னை மதிக்காத மனிதர்தான், ஆனாலும் அவருக்கு நான் இதைச் செய்திருக்கக் கூடாது.

தோட்டத்து ஆட்கள் வந்து தூக்கிவிட்டார்கள். திரேசா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "எப்படி வெச்சா ஒழுங்காப் போகும்?"

"தலை முன்னால" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அம்மாடி, முறை…" என்று இழுத்தார் உபதேசியார்.

"போய்ச் சேர்றதுதான்யா முறை. திருப்பி வைங்க."

தலை முன்னால் வைத்தோம். தோட்டத்தில் கயிறு வாங்கிப் பெட்டியைக் கட்டி, சங்கிலியைக் கொக்கிக்கு மாட்டினேன். உபதேசியார் டிரெய்லர் பக்கமே வரவில்லை, எனக்குப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். திரேசா சைட்காரில் முழுக்கத் திரும்பி உட்கார்ந்து, கிள்ளான் வரை அப்பாவைப் பார்த்தபடியே வந்தாள்.

இருட்டும் நேரத்தில் சேர்ந்தோம். சாமியார் போய்விட்டிருந்தார். குழியில் முழங்காலளவு தண்ணீர். அதை இறைத்துவிட்டு, உபதேசியார் நடுங்கிக்கொண்டே செபம் சொல்ல, மகன் பக்கத்தில் அவரை வைத்தோம். சாமியார் இல்லாமல் அடக்கமானதை ஞானம்மா கடைசிவரை மனதில் வைத்திருந்தார். இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. பிறகு திரேசாவை எனக்குக் கொடுத்தபோது ஒன்றுதான் சொன்னார்: "எங்க கூட்டிட்டுப் போனாலும் பின்னால உக்கார வைக்காதப்பா. கண்ணுக்கு முன்னால வெச்சுக்க."

அதிலிருந்து, பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய் நான் எதையாவது மறந்துவிட்டு வந்தால் வீட்டில் ஒரே கேள்விதான். வெங்காயமானாலும் குடையானாலும், "அவரு எங்க தம்பி?" முதலில் திரேசா கேட்டாள், பிறகு பிள்ளைகள், பிறகு பேரப்பிள்ளைகள். ஆறு வயதுப் பேத்திகூட என்னைத் தம்பி என்று கூப்பிட அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அனுமதி உண்டு.

போன வருடம் திரேசா போய்விட்டாள். பெட்டி ஏற்றிய வேனில் நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். நான் கல்லறை வரை திரும்பித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், எனக்குப் பின்னாலும் பார்த்தார்கள். அன்றைக்கு மட்டும் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.