வடக்கு அம்புக்குறி போட்ட புண்ணியவானுக்கு

ரிவலோங்கா, படகுத்துறைத் தெரு
செவ்வாய்க்கிழமை

எங்கள் ஊர் வாரப் பத்திரிகையின் ஆசிரியரும், அச்சக உரிமையாளரும், கல்யாண அழைப்பு முதல் மரண அறிவிப்பு வரை அத்தனையையும் ஒரே எழுத்தில் அடித்துத் தருபவருமான மதிப்பிற்குரிய திரு. கவுதென்சியோ அவர்களுக்கு, ஓய்வுபெற்ற படகுத்துறை ஊழியன் இஜீனோ பெர்த்தாசி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். என் இடது முட்டி நலமில்லை. தாங்களும், தங்கள் மனைவியாரும், மார்ச் மாதத்திலிருந்து இருமிக்கொண்டிருக்கும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இது நன்றிக் கடிதம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் படிக்கும்போது தங்களுக்கு வேறு மாதிரி தோன்றக்கூடும். பாதியில் கிழித்துப் போட்டுவிடாமல் கடைசிவரை படியுங்கள்.

திராட்சை விழாவுக்குச் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரிக்கிற காகிதத்தில் இந்த வருஷம் ஊரின் பூகோளத்தையும் சரித்திரத்தையும் அச்சடிக்க வேண்டும் என்று விழாக் குழுத் தலைவர் செவேரோ முடிவு செய்ததும், அதை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்ததும் தாங்கள் அறிந்ததே. முப்பத்தேழு வருஷம் துறையில் நின்று கயிறு கட்டியவனுக்கு ஊரைப் பற்றித் தெரியாதது என்ன இருக்கிறது. பனிப்பாறை மலையிலிருந்து இழுத்து வந்து கொட்டிவிட்டுப் போன கூழாங்கல் மேடுதான் நம் குன்றுகள் என்பதில் தொடங்கி, ரோமானியர்கள் வந்தது, லொம்பார்டுகள் கோயில் கட்டியது, வெரோனா பிரபுக்கள் மதில் எழுப்பியது, வெனிஸ்காரர்கள் முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வருஷம் உட்கார்ந்தது, பிரெஞ்சுக்காரர்கள், ஆஸ்திரியர்கள், கடைசியில் இத்தாலி என்று மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். எல்லாரும் வந்தார்கள், நம் ஒயினைக் குடித்தார்கள், வரி போட்டார்கள், போனார்கள். தாங்கள் என்ன செய்தீர்கள்? இடம் போதவில்லை என்று வெனிஸ்காரர்களை மொத்தமாகத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் தொத்திறைச்சி விளம்பரம் போட்டீர்கள். இப்போது படித்தால் வெரோனா பிரபுக்கள் சாயங்காலம் மதில் கட்ட, பிரெஞ்சுக்காரர்கள் மறுநாள் காலை வந்து இடித்த மாதிரி இருக்கிறது. போகட்டும். நாலு நூற்றாண்டுக்கு நான் சண்டை போட வரவில்லை.

நான் பேச வந்தது வரைபடத்தைப் பற்றி. அதை நான் என் கண்ணால் பார்த்தபடி வரைந்தேன். துறையில் நிற்கிறவன் ஊரை எப்படிப் பார்ப்பான்? படகு வந்து சேருகிற திசையிலிருந்துதான். அதனால் என் படத்தில் ஏரி கீழே, துறை அதற்கு மேலே, கடைத்தெரு, பேருந்து நிற்கும் பெரிய ரோடு, எல்லாவற்றுக்கும் உச்சியில் குன்று. ஏரி நமக்கு மேற்கே இருக்கிறது, குன்று கிழக்கே இருக்கிறது, இது இங்கே பிறந்த கோழிக்குஞ்சுக்கும் தெரியும் என்பதால் நான் திசையே போடவில்லை. தாங்கள் படம் வெறுமையாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு, மேல் மூலையில் அழகாக ஒரு அம்புக்குறி வரைந்து, வடக்கு என்று எழுதிவிட்டீர்கள். ஒரு அம்புக்குறியால் நம் ஏரி தெற்கே போய்விட்டது. ரோமானியர்களால்கூட முடியாத காரியம்.

இதற்கு நடுவில் என் வீட்டுச் சங்கதி ஒன்று. என் அக்கா தெல்ஃபினாவை உங்களுக்குத் தெரியும். தெற்குக் குன்றில் அப்பா வைத்த திராட்சைத் தோட்டத்தை எழுபத்தாறு வயதிலும் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். அவளும் நானும் பேசிப் பதினொரு வருஷம் ஆகிறது. காரணமும் தெரியும், நீங்கள்தான் அதைப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் போட்டீர்கள். விழாவில் பெயர் ஒட்டாத குப்பிகளை வைத்து ருசி பார்க்கச் சொன்னார்கள். நான் ஒரு குவளையைத் தூக்கிப் பிடித்து, "இதுதான் எங்க வீட்டு ஒயின், கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்" என்று ஊர் முன்னால் கண்ணீர் விட்டேன். அது எதிர்க்கரை ஒயின். பிரெஷியாக்காரனுடையது. என் அக்காவின் ஒயினை வாயில் வைத்துவிட்டு, "காடி மாதிரி இருக்கு, இதைச் சாலட்ல ஊத்தலாம்" என்று வேறு சொல்லியிருந்தேன். ஒரு காலத்தில் ஏழு வருஷம் இந்த ஏரியின் நடுவில் தேச எல்லையே ஓடியது, அந்தக் கரை இத்தாலி, நம் கரை ஆஸ்திரியா. என் அக்காவைப் பொறுத்தவரை அந்த எல்லை இன்னும் ஓடுகிறது. அன்றைக்கு எழுந்து போனவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் வீராப்பாகக் குன்று ஏறவில்லை. முட்டியைக் காரணம் சொன்னேன், ஆனால் முட்டி வலிக்கு வயசு ஆறுதான்.

போன வியாழக்கிழமை செவேரோ வந்து சொன்னார். "இஜீனோ, உங்க அக்கா தோட்டத்துல பழம் அப்படியே தொங்குது. பறிக்கிற ஆளுங்க வேற பக்கம் போயிட்டாங்களாம். ஞாயித்துக்கிழமை பெரிய மழையாம். இந்த வருஷப் பழம் அழுகிடுச்சுன்னா தோட்டத்தை வித்துட்டு, எதிர்க்கரையில மகன் வீட்டுக்கே போயிடறேன்னு சொல்றா. பெட்டி கட்டியாச்சு. என் தம்பிக்குத்தான் அந்தக் கரை ஒயின் புடிக்குமே, பிரெஷியாவுல இருந்து ரெண்டு குப்பி அனுப்பி வைக்கிறேன்னு சொல்லுன்னா."

ஐயா, அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. துறையில் என் பழைய பெஞ்சில் உட்கார்ந்து குன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா போன பிறகு எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான், அவளும் அக்கரைக்குப் போய்விட்டால் எனக்கு இந்த ஊரில் சண்டை போடக்கூட ஆள் இல்லை. போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை சட்டை மாற்றினேன், செருப்புப் போட்டேன், வாசல்வரை வந்தேன், திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றினேன். இதைத் தங்களிடம் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் செவேரோ மூச்சிரைக்க வந்தார். "ஜெர்மனியில இருந்து நடைப்பயணக் கூட்டம் ஒண்ணு, முப்பத்தெட்டுப் பேரு. பத்து மணிக்கே பெரிய ரோட்டுல பஸ்ஸை விட்டு இறங்கினாங்களாம். துறைக்கு வந்து சேரலை. அவங்களுக்குன்னு முப்பத்தெட்டு மீன் வறுத்து ஆறிட்டிருக்கு. கையில நான் வழிக்குன்னு அனுப்பி வெச்ச உன் காகிதம்தான்யா இருந்துச்சாம். நீயே போய்த் தேடிக் கூட்டிட்டு வா."

"ரோட்டுல இருந்து துறைக்கு நேரா இறங்கினா எட்டு நிமிஷம். எப்படிய்யா தொலைவாங்க?"

"கூட்டிட்டு வர்ற அம்மா கழுத்துல திசைகாட்டி தொங்குதாம்."

அப்போதுதான் காகிதத்தை எடுத்துத் தங்கள் அம்புக்குறியைப் பார்த்தேன். அதன்படி துறை தெற்கே இருக்கிறது. தெற்கே நடந்தால் எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நிமிஷம் உங்களை என்னென்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். கோயில் வாசலில் நின்று சொன்னதால் பாதிரியாரிடம் தனியாகப் பாவமன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

குன்று ஏறினேன். மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். மேலே போய்ப் பார்த்தால், என் அக்கா தோட்டத்தில் வரிசைக்கு நாலு பேராக முப்பத்தெட்டு ஜெர்மன்காரர்களும் கையில் கத்தரிக்கோலோடு திராட்சை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா காலத்தில் தெருவே வந்து பறிக்கும், அந்தக் கத்தரிக்கோல்களை எல்லாம் அக்கா எண்ணெய் போட்டு வைத்திருந்திருக்கிறாள். வழி கேட்க வந்தவர்களின் பாஷை அவளுக்குப் புரியவில்லை, அவள் பாஷை அவர்களுக்குப் புரியவில்லை. ஆளுக்கொரு கத்தரிக்கோலையும் பெட்டியையும் கொடுத்து வரிசையைக் கையால் காட்டியிருக்கிறாள். காகிதத்தில் திராட்சை விழா என்று போட்டிருந்ததால் இதுதான் விழா என்று அவர்கள் குனிந்துவிட்டார்கள்.

கூட்டத்தின் தலைவி இர்ம்கார்ட் அம்மாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எனக்குத் துறையில் கற்ற ஜெர்மன் உண்டு. "அம்மா, நீங்க துறைக்குப் போகணும், வழி தப்பி வந்துட்டீங்க" என்றேன்.

"வழி தப்பலை. திசைகாட்டிப்படி சரியா தெற்கே வந்தோம்."

"வலது பக்கம் இவ்வளவு பெரிய ஏரி தெரியுதே, அதைப் பார்க்கலையா?"

"பார்த்தோம். காகிதப்படி அது அங்கே இருக்கக் கூடாது. அதனால அது வேற ஏரின்னு முடிவு பண்ணினோம்."

இங்கே ஒரே ஏரிதான் அம்மா என்று சொல்லப் போனேன். அதற்குள் பின்னாலிருந்து பதினொரு வருஷமாகக் கேட்காத குரல் கேட்டது. "அவங்களோட என்னடா பேச்சு? வேலை செய்யறவங்களைக் கெடுக்காதே. கடைசி வரிசையில ஆள் இல்ல, போ."

போனேன். முட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஐந்து மணிக்கு ஒரு கொத்து மிச்சமில்லாமல் பெட்டிக்கு வந்துவிட்டது. கடைசிப் பெட்டி இறங்கினால் பறித்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டியது தோட்டக்காரர் கடமை, அதில் என் அக்கா குறை வைக்கிறவள் இல்லை. செவேரோ ஆறிப்போன முப்பத்தெட்டு மீனையும் வண்டியில் ஏற்றி மேலே அனுப்பினார், அக்கா சோளக்களி கிண்டினாள். இர்ம்கார்ட் அம்மாள் எழுந்து நின்று, இவ்வளவு ஒழுங்காக நடத்தப்பட்ட விழாவைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று நன்றி சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். அக்கா, "நாளைக்கும் வருவாங்களான்னு கேளு, ஆலிவ் இருக்கு" என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு என் முன்னால் இரண்டு குவளை வந்தது. இரண்டும் சிவப்பு. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "எது நம்ம வீட்டு ஒயின்னு சொல்லு பாப்போம்."

ஐயா, எதிரெதிர்த் திசையிலிருந்து இரண்டு படகு ஒரே நேரத்தில் துறைக்கு வந்த நாளில்கூட நான் இப்படி வியர்த்ததில்லை. இரண்டையும் எடுத்து ஒன்றாக ஊற்றினேன். "நீ என்ன குடுக்கறியோ அதான் அக்கா நம்ம வீட்டு ஒயின். எனக்கு நாக்கு கிடையாது, ஊருக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குடித்தேன்.

"பதினோரு வருஷம் முன்னாடியே இதைச் சொல்லியிருந்தா என்னடா?" என்றாள். சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, முப்பத்தெட்டுப் பேரும் கை தட்டினார்கள்.

ஆகவே ஐயா, பழம் தப்பியது, அக்கா எதிர்க்கரைக்குப் போகவில்லை. காற்றில் அறிகுறியே இல்லை, செவேரோ சொன்ன அந்தப் பெரிய மழையும் என் நல்ல நேரத்துக்கு இன்றுவரை வரவில்லை. இத்தனைக்கும் காரணம் தங்கள் அம்புக்குறி ஒன்றே. வெனிஸ்காரர்களை மன்னித்தேன், தொத்திறைச்சியை மன்னித்தேன். தங்கள் கை நூறு வருஷம் நடுங்காமல் இருக்க வேண்டும், தங்கள் இயந்திரம் மை கக்காமல் ஓட வேண்டும், தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு என்றைக்கும் திசை தப்பாமல் இருக்க வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறேன். இந்தக் கடிதத்தை முதல் பக்கத்தில் போட்டால் மகிழ்வேன்.

நன்றி மறவாத,
இஜீனோ பெர்த்தாசி

பின்குறிப்பு: தயவுசெய்து அச்சிட வேண்டாம். உறை ஒட்டுகிற நேரத்தில் அக்கா குன்றிலிருந்து இறங்கி வந்தாள், கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். "மழை வரும்னு உனக்கு யாருடா சொன்னா?" என்றாள். செவேரோ என்றேன். "செவேரோவுக்கு யாரு சொன்னா? நான்தான். துறையில அத்தனை வருஷம் நின்னவன், தலையைத் தூக்கி வானத்தைப் பாக்கத் தெரியாதா உனக்கு?" பறிக்கிற ஆட்கள் எங்கும் போகவில்லையாம். திங்கட்கிழமைக்குச் சொல்லி வைத்திருந்தாளாம், நேற்று அவர்கள் வந்து வெறும் கொடியைப் பார்த்து அவளைத் திட்டிவிட்டுப் போனார்களாம். கட்டின பெட்டியில் குளிர்காலப் போர்வைதான் இருந்ததாம். மகன் வீட்டுக்குப் போவதாவது, அவள் மருமகள் சோளக்களியில் பால் ஊற்றுகிறவள். "பின்னே எதுக்கு அக்கா அப்படிச் சொல்லி அனுப்பினே?" என்று கேட்டேன். "ஆள் இல்லைன்னு கேள்விப்பட்டா நீ வருவேன்னு பாத்தேன். வியாழக்கிழமை பூரா வாசல்ல நின்னேன். வெள்ளிக்கிழமையும் நின்னேன். நீ வரல, முப்பத்தெட்டு ஜெர்மன்காரங்க வந்தாங்க" என்றாள்.  கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாளைக் காலை திராட்சை பிழிய ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஏழு மணிக்கு நான் அங்கே இருப்பேன்.