காலை பத்தரைக்கு என் மாமனார் காலமானார்

என் மாமனாரை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். யோங் பெங் என்ற ஊரில், ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, மண்டபம் நிறைய ஆட்கள் பார்க்க, பெரிய திரையில். கையில் ஆயுதம் என்று எதுவும் இல்லை, ஒரு மவுஸ் மட்டும்தான். (அப்போது அவர் என் மாமனாரும் இல்லை. இனி ஆகவும் முடியாதபடி காரியத்தைக் கெடுத்துக்கொண்டவன் நானேதான்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலேசியாவில், ஜொகூர் பாருவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கழுத்தில் அட்டை, வாயில் ஆங்கிலம், தலையில் காற்று. வயர்மேன்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஓர் அலுவலகம் எங்களிடம் வந்தது. (பெயர் வேண்டாம். தப்பு முழுக்க என்னுடையது.) அவர்களிடம் எல்லாமே தடித்தடியான பதிவேடுகளில் இருந்தன. தங்காக் மாதிரித் தொலைவான ஊரில் இருக்கும் வயர்மேன் லைசென்ஸைப் புதுப்பிக்க ஒரு முத்திரைக்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும். அந்த முத்திரையை ஒழித்து, எல்லாவற்றையும் கைப்பேசிக்குள் கொண்டுவருவதுதான் திட்டம்.

வெளிநாட்டு மென்பொருள் ஒன்றை வாங்கியிருந்தோம். அதைத் தேர்வு முடிவுகளோடும் கட்டணம் கட்டும் வசதியோடும் மரணப் பதிவோடும் இணைக்க வேண்டும். மரணம் எதற்கு என்றால், சில வயர்மேன்கள் போய்ச் சேர்ந்து பல வருடமாகியும் அவர்களுடைய லைசென்ஸ் மட்டும் சுறுசுறுப்பாக வயரிங் செய்துகொண்டிருந்தது. புதுப்பிக்க வருகிறவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். மற்ற இரண்டையும் கெட்டிக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். மரணம் எனக்கு வந்தது.

அந்த மென்பொருள் ஒவ்வோர் ஆளுக்கும் இரண்டு கட்டம் வைத்திருந்தது. ஒன்று சொந்தப் பெயருக்கு, இன்னொன்று குடும்பப் பெயருக்கு. இரண்டாவதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? நம் பெயர், அதற்குப் பின்னால் அப்பா பெயர், அவ்வளவுதான். பிறந்த நாள் முதல் அப்பா பெயரைப் பின்னால் கட்டிக்கொண்டு திரிகிறவன் நான். ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஆனால் சாப்பாட்டு நேரம் பாருங்கள். எல்லாருடைய பெயரிலும் கடைசியில் இருப்பது குடும்பப் பெயர் என்று ஒரு வரி எழுதிவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போனேன்.

சோதித்துப் பார்க்காமலா விட்டாய் என்று கேட்பீர்கள். சோதித்தேன். என் பெயரையே போட்டுச் சோதித்தேன். 'உயிருடன் உள்ளார்' என்று பச்சையாக வந்தது. அன்று முழுவதும் விசிலடித்துக்கொண்டே திரிந்தேன்.

இந்த இடத்தில் சுப்பையா அங்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். யோங் பெங்கில் முப்பது வருடமாக வயர்மேன். கவிதாவின் அப்பா. நானும் கவிதாவும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவது அவருக்குத் தெரியும். அவருக்கு என்னைப் பிடிக்காது என்பது எங்களுக்குத் தெரியும். முதல்முறை பார்த்தபோதே கேட்டுவிட்டார்.

"நான் வேல செஞ்சா, சுவிட்ச தட்டுனதும் லைட் எரியும். நீ செஞ்சது எங்க எரியுது, காட்டு பாப்போம்."

காட்டுகிறேன் என்று முடிவு கட்டினேன். தொடக்க விழாவை எங்கே வைக்கலாம் என்ற பேச்சு வந்ததும் யோங் பெங் என்றேன். முதலில் யாருடைய லைசென்ஸைப் புதுப்பிக்கலாம் என்றதும் சுப்பையா என்றேன். அவருக்கும் அவசரம்தான். பெக்கான் நானாஸில் ஓர் அன்னாசித் தொழிற்சாலைக்குத் திங்கட்கிழமை அவர் கையெழுத்துப் போட்டால்தான் மின்சாரம் வரும். என்னைக் கேட்டால், அவர் மனசு இளகி எனக்குப் பெண் கொடுக்க இதைவிட நல்ல காலை கிடைக்காது.

பாத்தேக் சட்டையை இஸ்திரி போட்டு மேடையேறினார். நான் மைக்கில், "இனிமே இந்த அங்கிள் முத்திரைக்காக எங்கயும் அலைய வேண்டாம்" என்று அறிவித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். (சொன்னது அப்படியே பலித்துவிட்டது. இறந்தவர் எங்கே அலையப் போகிறார்?)

திரை சிவந்தது. இறந்துவிட்டார். உரிமம் ரத்து.

"என்னாப்பா போட்டுருக்கு? கண்ணாடி கொண்டு வரல" என்றார் அங்கிள்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் உதவிக்கு வந்தார். "அண்ணே, நீங்க செத்துட்டீங்களாம்!"

மண்டபம் அதிர்ந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "சின்ன நெட்வொர்க் ப்ராப்ளம், அங்கிள்" என்றேன். அதற்குள் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு இரங்கல் செய்தி தானாகப் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தவன் நானே. 'ஆழ்ந்த அனுதாபங்கள். உரிம அட்டையைப் பதினான்கு நாள்களுக்குள் ஒப்படைக்கவும்.' அந்த இரண்டு வரியை எழுத அரை நாள் செலவழித்திருந்தேன். போனில் கவிதாவின் அம்மா. மைக் பக்கத்தில் இருந்ததால் அங்கிள் பேசியது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஆமா, பத்தரைக்குப் போயிட்டேன்" என்றார் அங்கிள். "அழுவாத. அலமாக், அழுவாதங்கறேன்ல! மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துருவேன்."

பதற்றத்தில் மனிதன் செய்யக்கூடாத ஒன்றை அடுத்துச் செய்தேன். வேறு ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டேன். மூசா என்ற மலாய்க்காரப் பெரியவர் வந்தார். அவரும் இறந்தார். அடுத்து முனியாண்டி, இறந்தார். நான்காவதாக லிம் வந்தார். எஸ்டேட்டில் வளர்ந்த சீனர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். பச்சை!

"நான் ஒருத்தன்தான் உயிரோட இருக்கேன் லா!" என்று இரண்டு கையையும் தூக்கினார் லிம். "இனிமே யோங் பெங் முழுக்க வயரிங் எனக்குத்தான்!"

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது சுப்பையா அங்கிள் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஃபியூஸ் எங்கே போனது என்று தேடும் பார்வை. பிறகு என் காதருகே வந்தார்.

"எங்கப்பா இல்ல. மூசாவோட அப்பாவும் இல்ல. முனியாண்டியோட அப்பாவுக்குக் காரியம் செஞ்சப்ப நானே போயிருக்கேன். லிம்முக்குக் குடும்பப் பேரு முன்னாடி வருது, கடைசில அவன் பேருதான் இருக்கு. நீ யார் பேர போட்டு டெஸ்ட் பண்ணுன?"

"என் பேர, அங்கிள்."

"உங்கப்பா?"

"வீட்டுல இருக்காரு. பேப்பர் படிப்பாரு."

சொல்லும்போதே எனக்கும் புரிந்துவிட்டது. மரணப் பதிவில் மென்பொருள் தேடியது குடும்பப் பெயரையும் ஊரையும். அந்தக் கட்டத்தில் நான் வைத்திருந்தது அப்பாக்களை. அப்பா இருந்தால் மகன் பிழைப்பான், போயிருந்தால் மகனும் போவான். என் அப்பா நன்றாக இருந்ததால் என் சோதனையும் நன்றாக இருந்தது.

"எங்கப்பா செத்ததுக்கு என்னை எதுக்குப்பா பொதைக்கிற?" என்றார் அங்கிள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

இறந்தவரை உயிர்ப்பிக்க அந்த மென்பொருளில் பொத்தானே இல்லை. கடைசியில் அலுவலக அதிகாரி புவான் ரொஹானாதான் எழுந்தார். காரிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்தார். நான் ஒழிக்க வந்த அதே முத்திரை! ஒரே குத்து, சுப்பையா அங்கிள் உயிர் பெற்றார். இன்னும் இரண்டு குத்து, மூசாவும் முனியாண்டியும். மேடையில் அசடு வழிய நின்று கைதட்டினேன். அப்புறம் மண்டபத்துக் கழிவறையில் போய் அழுதேன். வேலை போனாலும் போகட்டும், கவிதா போய்விட்டாளே என்றுதான் அழுதேன்.

திங்கட்கிழமை பெக்கான் நானாஸில் விளக்கு எரிந்தது. இரண்டு வாரத்தில் நான் இரண்டு கட்டத்தையும் உடைத்து, முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைத்தேன். பெயரைப் பார்த்து யாரையும் கொல்லக்கூடாது, அடையாள அட்டை எண் பொருந்தினால் மட்டுமே கொல்லலாம் என்றும் மாற்றினேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கூடை ஆரஞ்சோடு மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைத் திறந்த கவிதாவின் அம்மா உள்ளே திரும்பி, "உங்கள முடிச்சவரு வந்துருக்காரு" என்று குரல் கொடுத்தார்.

அங்கிள் என்னை வெகுநேரம் நிற்க வைத்துப் பார்த்தார்.

"நீ ஓடிப்போயிருவன்னு நெனச்சேன். கடைசி ஆள் போற வரைக்கும் மேடையிலயே நின்னுக்கிட்டு இருந்த. அது புடிச்சிருந்துச்சு. எப்படியும் கொன்னுட்ட, இதுக்கு மேல உன்னால என்னா செஞ்சிட முடியும்? உங்கப்பாவ வந்து பேசச் சொல்லு. அவருதான் உயிரோட இருக்காரே."

கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் 'ஒரு மணி நேரம் மட்டும்' என்று சேர்க்க வேண்டும் என்று அச்சகத்திலேயே உட்கார்ந்து அடம்பிடித்தார். என் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் துக்கம் விசாரிக்கும் முகத்தோடுதான் வந்தார்கள். இன்றைக்கும் அவரைக் குப்பை கொண்டுபோய்ப் போடச் சொன்னால், தான் இறந்தவர் என்று சொல்லிவிட்டு டிவி பார்ப்பார்.

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. தாத்தாவின் டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு பிளக்கையும் விடுவதில்லை. பெரியவளானதும் வயர்மேன் ஆகப் போகிறாளாம். போன தீபாவளிக்கு எல்லார் முன்னாலும் அறிவித்தாள். மாமனார் முறுக்கைக் கடித்தபடி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் பெயருக்குப் பின்னால் இருப்பது என் பெயர்.

"மாப்பிள, உடம்ப பாத்துக்க. இவ லைசென்ஸ் எடுக்கற வரைக்குமாவது இருந்து தொல."