கல்லை வேகவைத்த அக்கா

மீனுக்கு மனக்கவலை வந்துவிடக் கூடாது என்பதற்காக மனிதர்கள் எல்லோருடைய நிம்மதியையும் கெடுத்த ஒரே பெண், எனக்குத் தெரிந்து, எங்கள் கூழாங்கல் அக்காதான். திருப்பதியில் நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த கல்லூரியில் அவர் எனக்கு சீனியர். சொந்த ஊர் குடிபாலா.

பதற்றத்துக்கான மருந்துகளைச் சுண்டுவிரல் அளவு மீன்களுக்குக் கொடுத்துப் பார்ப்பது எங்கள் வேலை. வெறும் கண்ணாடித் தொட்டியில் கிடக்கும் மீன் ஏற்கெனவே பயந்து போயிருக்கும், அதனிடம் மருந்தைச் சோதித்து என்ன பயன் என்பது அக்காவின் கட்சி. அதனால் ஆற்றிலிருந்து கூழாங்கல் பொறுக்கி வந்து, கிருமி போக ஹாஸ்டல் அடுப்பில் வேகவைத்து, செடிகளோடு தொட்டிக்குள் பரப்புவார்.

“இன்னாமே, கல்லு வெந்துச்சா? உப்பு போடட்டா?” என்பார் சமையல்காரம்மா.

“வாணாம்மா. அதுங்களுக்கு பிரஷர் ஏறிடும்” என்பார் அக்கா, சிரிக்காமல்.

ஆய்வகத்தில் யாரும் தும்மக்கூட முடியாது. எங்கள் பேராசிரியரே செல்போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அதை அவர் மன்னிக்கவே இல்லை.

பார்வையிட மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள் என்று, அக்கா இல்லாத நேரத்தில் தொட்டி பளிச்சென்று தெரிய, கல்லையும் செடியையும் அள்ளிக் கொட்டச் சொன்னார் பேராசிரியர். கூட்டமாக இருந்த மீன்களைத் தொட்டிக்கு ஒன்றாகப் பிரித்தார்கள். மறுநாள் ஒவ்வொன்றும் அடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

வந்தவர்களில் பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்தார். “சாலா பாகுந்தி, ரொம்ப நல்லாருக்குது. மீனுங்ககூட எவ்ளோ டிசிப்ளினா இருக்குது.”

“டிசிப்ளின் இல்ல சார், பயம்” என்றார் அக்கா. “மேல வந்தா இன்னா ஆவுமோன்னு கெடக்குதுங்க. எங்களாட்டம்.”

வந்தவர் சிரித்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே அக்காவின் மேசை மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறைக்குப் போனது. சுவரைப் பார்த்தபடி அவர் எழுதியதையெல்லாம் சரியில்லை என்று பேராசிரியர் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். அக்கா முதலில் கல் வேகவைப்பதை நிறுத்தினார். பிறகு சாப்பிட வருவதை நிறுத்தினார். பிறகு ஊருக்கே போய்விட்டார்.

மீன்களின் பதற்றத்தைப் பற்றிப் பேசியதற்காகப் பேராசிரியருக்கு விருது கிடைத்தது. சால்வையோடு எடுத்த போட்டோ ஆய்வக வாசலில் இன்னும் தொங்குகிறது.

அக்கா இப்போது பங்காருபாளையத்தில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் தரம் பார்க்கிறார். பட்டம் வரவில்லை. “இங்க ஒருத்தனும் ஆராய்ச்சி பண்ணல. நல்லாத்தான் கீறாங்க” என்கிறார் போனில்.

பிறகு, “துன்னியா?” என்று கேட்கிறார். வீட்டில் கேட்டால் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வேன். அவரிடம் மட்டும்தான் ‘இல்லை’ என்று சொல்ல முடிகிறது.